திரும்பி வரும் வழி

இணையத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இப்போதெல்லாம் மேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். புகைப்படங்கள் மேகத்தில் இருக்கின்றனவாம். கடைக் கணக்கு மேகத்தில் இருக்கிறதாம். கல்யாணப் பத்திரிகைகூட மேகத்திலிருந்துதான் இறங்கி வருகிறதாம். மேகத்துக்குக் கதவு ஏது, பூட்டு ஏது, திருகாணி ஏது? அதனால், அதைக் கட்டிக் காக்க ஆட்கள் வேண்டும் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. உண்மையில் நாம் மேகம் என்று சொல்வதெல்லாம், பூட்டிய கட்டிடங்களுக்குள் வரிசையாக நிற்கும் இரும்பு அலமாரிகளைத்தான். அவற்றில் திருகாணிகள் உண்டு. ஊர் உறங்கும் வேளையில் அந்தத் திருகாணிகளைக் கழற்றி மாட்டுகிறவர்களும் உண்டு. அவர்களில் ஒருவன் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குச் சென்ற ஆண்டு கிடைத்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் ரௌட்டர் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். வீட்டுக் கூடத்தில் இரண்டு கொம்புகளை நீட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே, அதுவும் ரௌட்டர்தான். ஆனால் நான் சொல்லப் போவது அதன் குலத்திலேயே மூத்தது. இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாதது. ரயிலோடு ஓடிக்கொண்டே தபால் பிரித்த ஆர்.எம்.எஸ். வண்டியை நேயர்கள் நினைத்துக்கொள்ளலாம். நாம் அனுப்பும் எதுவும் இணையத்தில் முழுசாகப் போவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் நெற்றியில் விலாசத்தை எழுதிக்கொண்டு போகிறது. அந்த விலாசத்தைப் பார்த்து, இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம் என்று தள்ளிவிடுவதுதான் ரௌட்டரின் வேலை.

ஆரம்ப காலத்து ரௌட்டர்களில் எல்லாக் கடிதத்தையும் ஒரே தலைமைக் குமாஸ்தா பார்த்தார். 1990-களில் போக்குவரத்துப் பெருகவே அவரால் தாங்க முடியவில்லை. ஆகவே ஒரு ஏற்பாடு செய்தார்கள். வழிகளைத் தெரிந்துகொண்டு பட்டியல் போடுவது மட்டும் தலைமை அட்டையின் பொறுப்பு. அந்தப் பட்டியலின் நகல் ஒவ்வொரு ஜன்னலுக்கும் போய்விடும். ஜன்னலில் இருப்பவரே பார்த்துத் தள்ளிவிடுவார். அந்த ஜன்னலுக்குத்தான் லைன் கார்டு என்று பெயர். நீளமான ஒரு மின் அட்டை. அதன் முகப்பில் கண்ணாடி இழைகள் வந்து சேருகின்றன. முதுகில் நூற்றுக்கணக்கான நுண்ணிய ஊசிகள் பெட்டியின் பின்பலகையோடு பொருந்துகின்றன. போக்குவரத்து அதிகமானால் பெட்டி முழுவதையும் தூக்கி எறிய வேண்டாம். பழைய அட்டையை உருவிவிட்டுப் புதிய அட்டையைச் செருகினால் போதும்.

வேகம் மட்டுமல்ல, பட்டியலின் நீளமும் அட்டையை மாற்றச் செய்யும். உலகத்து இணைய வழிகளின் பட்டியல் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போகிறது. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் தேதி அது ஏறக்குறைய 5 லட்சத்து 12 ஆயிரம் வழிகள் என்ற எல்லையைத் தொட்டது. பழைய ரௌட்டர்கள் பலவற்றில் அதற்கு மேல் எழுதுவதற்கு இடம் ஒதுக்கியிருக்கவில்லை. டயரியில் பக்கம் தீர்ந்த மாதிரிதான். அன்றைக்கு உலகத்தின் பல பாகங்களில் இணையம் தள்ளாடியது. சிலர் நினைவகத்தின் பங்கீட்டை மாற்றிச் சமாளித்தார்கள்; சிலர் அட்டைகளையே மாற்ற வேண்டியதாயிற்று. இன்றைக்கு அந்தப் பட்டியல் 9 லட்சத்தையும் தாண்டிவிட்டது. ஆகவே இந்தக் கழற்றி மாட்டும் வேலைக்கு முடிவே கிடையாது.

என் அண்ணன் மகன் சென்னையில் ஒரு இணையக் கம்பெனியில் இஞ்சினீயர். நாவல் ஒன்றில் இரவு வேலை பார்க்கும் பாத்திரம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். “ஒரு நாள் உன் வேலையைக் காட்டேன்” என்று கேட்டேன். மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, என் கழுத்தில் ஒரு விருந்தாளிச் சீட்டை மாட்டி அழைத்துப் போனான். “ஒன்றையும் தொடக்கூடாது, சித்தப்பா” என்றான். சின்ன வயதில் என் பேனாவைத் தொடாதே என்று நான் அவனைச் சொன்னது எனக்கு நினைவு வந்தது.

உள்ளே நல்ல குளிர். அதோடு காற்றாடிகளின் இரைச்சல். வேலைக்கு அனுமதித்த நேரம் இரவு 1 மணியிலிருந்து 4 மணி வரை. ஜனங்கள் அதிகம் உபயோகிக்காத நேரம் அதுதான். அந்த ரௌட்டரை நம்பி இரண்டு ஆஸ்பத்திரிகளும் பல கடைகளும் கம்பெனிகளும் இருந்தன. போக்குவரத்தை முதலில் இன்னொரு ரௌட்டருக்குத் திருப்பிவிட்டார்கள். இரவில் அது ஒன்றே முழுச் சுமையையும் தாங்கும். காலை நேரத்தில் தாங்காது. ஆகவே 4 மணிக்குள் இந்தப் பெட்டி மறுபடி எழுந்து நின்றாக வேண்டும்.

அவன் கையில் ஒரு காகிதம் இருந்தது. செய்ய வேண்டிய காரியங்கள் அதில் 42 படிகளாக எழுதியிருந்தன. எட்டிப் பார்த்தேன். 22 படிகள் புதிய அட்டையைப் போடுவதற்கு. மீதி 20 படிகள், அதை எடுத்துவிட்டுப் பழையதையே திரும்பப் போடுவதற்கு. இரண்டுக்கும் நடுவில் பட்டை தீட்டிய எழுத்தில் ஒரு வரி: “3.10-க்குள் பச்சை விளக்கு வராவிட்டால் திரும்பவும்.”

அவன் வேலையைத் தொடங்கினான். மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் கம்பியை அலமாரியின் இரும்பில் மாட்டினான். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட்டை எட்டினால்தான் சுரீர் என்று நமக்குத் தெரியும். அட்டையின் நுண்ணிய பாகங்களோ 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே கெட்டுப்போகக் கூடியவை. நமக்குத் தெரியாமலே நாம் செய்யும் தீங்குக்கு அந்தப் பட்டைதான் வடிகால். பிறகு கட்டளை கொடுத்து அந்த அட்டையை மட்டும் தூங்க வைத்தான். மற்ற அட்டைகள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. இழைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, முனையில் மூடி போட்டான். அவற்றினுள் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது; ஆனால் கண்ணைக் கெடுக்கும். ஆகையால் எட்டிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு இன்னொரு எச்சரிக்கை கிடைத்தது. திருகாணிகளைத் தளர்த்தி, இரு பக்கத்து நெம்புகோல்களையும் ஒரே சமயத்தில் விரித்து, அடியில் ஒரு கை கொடுத்து அட்டையை உருவினான். தொட்டிலிலிருந்து தூங்கும் குழந்தையை எடுக்கிறவளின் நிதானம் அதில் இருந்தது.

புதியதைச் செருகும்போது அவன் பலத்தை உபயோகிக்கவே இல்லை. தண்டவாளம் போன்ற காடியில் வைத்து மெதுவாகத் தள்ளினான். கடைசி அங்குலத்தை நெம்புகோலுக்கு விட்டுவிட்டான். “தள்ளினால் போகும் என்று தள்ளக்கூடாது, சித்தப்பா. பின்பலகையில் ஒரு ஊசி வளைந்தால் பெட்டியே போச்சு” என்றான்.

முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அட்டை தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, தலைமை அட்டையிடமிருந்து மென்பொருளை வாங்கிக்கொள்ள வேண்டும்; பிறகு பச்சை எரியும். பத்து நிமிஷம் ஆயிற்று. மஞ்சள் மாறவில்லை. திரையைப் பார்த்துவிட்டு அவன் உதட்டைக் கடித்தான். அட்டைக்குள்ளேயே பதிந்து வரும் அடிப்படை மென்பொருள் ஒன்று உண்டு. அனுப்பியவர்கள் இன்ன பதிப்பு என்று சொன்னது ஒன்று, உள்ளே இருந்தது அதற்கு முந்தியது. தலைமை அட்டை அதைத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள மறுத்தது. அங்கேயே பதிப்பை உயர்த்தலாம். அதற்கு அரை மணிக்கு மேல் ஆகும். நடுவில் மின்சாரம் தடைப்பட்டால் அட்டை வெறும் தகடாகிவிடும்.

மணி 3 ஆயிற்று. தொலைபேசியில் மேலதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் மேலே அதிகாரிகள் இருந்தார்கள். “உயர்த்தித்தான் பாரேன், தம்பி. இவ்வளவு தூரம் வந்தாயிற்று. இன்னொரு ராத்திரிக்கு அனுமதி வாங்குவது சுலபமா?” என்றார். எனக்கும் அப்படியே தோன்றியது. என்னிடம் கேட்டிருந்தால் “துணிந்து செய்” என்றுதான் சொல்லியிருப்பேன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். “3.10-க்குத் திரும்புகிறேன், சார். எழுதி வைத்தபடி செய்துவிடுகிறேன்” என்றான். குரல் சற்று நடுங்கியதே தவிர வார்த்தை நடுங்கவில்லை. 3.10 ஆயிற்று, பச்சை வரவில்லை. அந்த நிமிஷமே 23-ஆவது படியைத் தொடங்கினான். 3.48-க்குப் பழைய அட்டையில் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. போக்குவரத்து மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்திருந்த யாருக்கும் ஒன்றும் தெரியாது.

விடியற்காலையில் பக்கத்துக் கடையில் டீ சாப்பிட்டோம். “வருத்தமாக இல்லையா?” என்று கேட்டேன்.

“இல்லாமல் என்ன, சித்தப்பா? நாளைக்குப் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் காகிதத்தை எழுதினவன் பகல் வேளையில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அவசரமில்லாமல் உட்கார்ந்து எழுதினான். ராத்திரி மூன்று மணிக்கு நிற்கிறவனுக்கு அந்தத் தெளிவு இருக்காது. அதனால் எழுதினவன் சொன்னதைக் கேட்டேன்” என்றான்.

எழுதினவனும் அவன்தான், கேட்டவனும் அவன்தான். இந்தப் பதில் என்னைப் பல நாள் விடவில்லை. கதை எழுதும் எங்கள் ஜாதிக்குப் பின்வாங்காதவனைத்தான் பிடிக்கும். அபிமன்யுவுக்குச் சக்கர வியூகத்துக்குள் போகும் வழி தெரியும்; திரும்பும் வழி தெரியாது. அவனுக்காகத் தலைமுறை தலைமுறையாக அழுதுகொண்டிருக்கிறோம். அழ வேண்டியதுதான். ஆனால் அவன் தனியாக உள்ளே போனான், மாண்டதும் தனியாகத்தான். மற்றவர்களுடைய நோயையும் பணத்தையும் பிழைப்பையும் தோளில் சுமந்துகொண்டு போகிறவனுக்கு அந்த வீரம் உதவாது. அவன் திரும்பும் வழியை முதலில் போட்டுக்கொண்டு அப்புறம்தான் காலை எடுத்து வைக்க வேண்டும். போட்டுக்கொண்ட வழியில், வேளை வந்ததும், மானம் பார்க்காமல் திரும்பவும் வேண்டும். போவதற்கு வேண்டிய துணிவைவிட இது அதிகம் என்று அன்றைக்கு நின்று பார்த்த எனக்குத் தோன்றுகிறது.

முதல் முயற்சியில் நிற்பது இந்தத் துறையின் பிறவிச் சொத்து என்றும் சொல்லலாம். 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி இரவு, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், ரௌட்டரின் மூதாதையான ஐ.எம்.பி. என்ற யந்திரங்களின் வழியாக முதல் செய்தியை அனுப்பினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ‘லாகின்’ என்ற வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்கள். ‘எல்’ போயிற்று, ‘ஓ’ போயிற்று. அதோடு எதிர்ப்பக்கத்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து, சரிசெய்துவிட்டு மறுபடி அடித்தார்கள். முழு வார்த்தையும் போயிற்று.

அண்ணன் மகனும் அதையே செய்தான். வேலையில் இல்லாத ஒரு பழைய பெட்டியில் அந்த அட்டையைச் செருகி, பட்டப் பகலில், அவசரமில்லாமல் அதன் பதிப்பை உயர்த்தினார்கள். காகிதத்தில் புதிதாக ஒரு படி சேர்ந்தது: பதிப்பைச் சொல்லக் கேட்டால் போதாது, செருகிப் பார். பத்து நாள் கழித்து இன்னொரு இரவு அனுமதி கிடைத்தது. அன்றைக்கு நான் போகவில்லை. 2.20-க்கே பச்சை வந்துவிட்டது என்று மறுநாள் சொன்னான். திரும்பும் படிகளை அன்றைக்கும் எழுதி வைத்திருந்தானா என்று கேட்டேன். “அது இல்லாமல் எப்படிப் போவது?” என்று என்னை வினோதமாகப் பார்த்தான்.

இரண்டாவது இரவைப் பற்றிக் கம்பெனிக் குறிப்பில் ஒரே ஒரு வரிதான் இருந்ததாம். ஆஸ்பத்திரிகள் நன்றி சொல்லவில்லை; சொல்ல வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியாது. வீட்டில் மட்டும் என் அண்ணி, பத்து மணி வரைக்கும் அவன் தூங்குகிறான் என்று தொலைபேசியில் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். “ராத்திரியெல்லாம் அப்படி என்னதான் செய்கிறானோ!” என்றாள். அவன் தூங்கட்டும், எழுப்பாதீர்கள் அண்ணி என்று சொன்னேன்.