நூத்தி இருபது டிகிரி கிரவுண்டு!

ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருப்பதே பாவம் என்கிற கட்சியா நீங்க? ஒரே ஒரு வாரம் கட்சி மாறிப் பாருங்க பாஸ். செங்கல்பட்டு போற எலெக்ட்ரிக் ட்ரெயின்ல ஏறி சிங்கப்பெருமாள் கோயில்ல இறங்குங்க. பாறையைக் குடைஞ்ச கோயில்ல நரசிம்மர் உட்கார்ந்திருக்கார். அவரைப் பிரதட்சணம் வரணும்னா அந்தக் குன்றையே சுத்தணும். சுத்திட்டு, ஒரு டீயைப் போட்டுட்டு, ஷேர் ஆட்டோ பிடிங்க. எங்கே இறங்கணும்னு யாரையும் கேட்க வேண்டாம். காதைத் தீட்டி வெச்சுக்கிட்டா போதும். ஆயிரம் கொசுக்கள் மைக் முன்னாடி நின்னு 'ஙொய்ய்ய்ங்' என்றால் அதுதான் ஸ்டாப்பிங்!

இடம் என்னமோ ஒரு வீட்டுமனை லே-அவுட். நுழைஞ்சதும் பெரிய ஆர்ச். உள்ளே பளபளன்னு தார் ரோடு, மஞ்சள் பெயின்ட் அடிச்ச எல்லைக் கல், 'பூங்கா' என்று போர்டு நட்ட பொட்டல். எல்லாம் இருக்கு, வீடு மட்டும் இல்லை. மனை வாங்கினவங்க விலை ஏறட்டும்னு காத்திருக்காங்க. அந்த கேப்பில் இருபது பேர் ஞாயிறுதோறும் ரிமோட் கார் ஓட்டுறாங்க. வாட்ச்மேன் தாத்தாவுக்கு ஆட்சேபணை இல்லை. ரேஸ் நடக்கிற நேரத்தில் மாட்டை உள்ளே விடாமல் பார்த்துக்கிறதே அவர்தான்.

ரிமோட் கார்னதும் தம்பிக்கு பர்த்டேக்கு வாங்கின பேட்டரி பொம்மையை நினைக்காதீங்க. இது நிஜ இன்ஜின். கார்புரேட்டர், பிஸ்டன், சைலன்ஸர், கிளட்ச் எல்லாம் உண்டு. எட்டில் ஒரு பங்கு சைஸ் பக்கின்னா இன்ஜின் 3.5 சிசி. ஒரு டீஸ்பூன் தண்ணிகூட அதுக்குள்ளே கொள்ளாது. ஆனா நிமிஷத்துக்கு 30,000 சுத்துக்கு மேல சுத்தும். எங்க காலேஜ் பஸ் இன்ஜின் பாவம், அதில் பத்தில் ஒரு பங்கு சுத்தினாலே அழுதுடும்.

ரேடியேட்டர் கிடையாது. தண்ணி கிடையாது. தனியா இன்ஜின் ஆயிலும் கிடையாது. அலுமினிய ஹெட்ல அடுக்கடுக்கா செதுக்கின தகடுகள் மேல வீசுற காத்துதான் கூலிங். அதைவிடப் பெரிய கூலிங், நம்ப மாட்டீங்க, எரிபொருளே! மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஆயில் மூணும் கலந்த கலவை அது. மெத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப் போல மூணு மடங்கு சூட்டை உறிஞ்சிக்கும். கையில சானிடைஸர் ஊத்தினா ஜில்லுனு இருக்குமே, அதே கதை. அதனால எரிபொருள் அதிகமா போனா இன்ஜின் குளிரும். குறைஞ்சா சூடும் ஏறும், ஆயிலும் குறையும். ரெண்டு அடி ஒரே நேரத்தில் விழும்.

இந்தக் கலவை பத்தி சிரிக்காமல் ஒரு வார்த்தை. மெத்தனால் விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலி வாங்கியது மெத்தனால் கலந்த சாராயம்தான். அதனால் இங்கே யாரும் வீட்டில் கலக்குவதில்லை, சீல் வெச்ச கேன் மட்டும்தான். கேனை வெயிலில் வைக்கிறவனுக்கு அன்னிக்கு ஓட்ட சான்ஸ் கிடையாது. பகல் வெளிச்சத்தில் அது தீப்பிடிச்சா நெருப்பே கண்ணுக்குத் தெரியாது என்பது காரணம்.

சரி, கிரவுண்டுக்கு வருவோம். அங்கே போனதும் உங்களுக்கு ஒரு டவுட் வரும். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு குட்டித் துப்பாக்கி! கொரோனா டைம்ல தியேட்டர் வாசல்ல நெத்தியில் காட்டினாங்களே, அதோட அண்ணன். கார் ஓடி வந்து நின்னதும் ஹெட்டுக்கு நேர் மேலே, நடுவில் இருக்கிற க்ளோ ப்ளக்கைக் குறி வெச்சு அழுத்துறாங்க. பளபளக்கிற அலுமினியத்தில் பக்கவாட்டில் காட்டினா பொய் சொல்லும். தினமும் ஒரே இடம், ஒரே தூரம் என்பது இங்கே எழுதப்படாத சட்டம்.

மேனுவல்கள் பெரும்பாலும் ஃபாரன்ஹீட்டில் 220-லிருந்து 260 வரைன்னு சொல்லும். நம்ம கணக்கில் 104 முதல் 127 டிகிரி. 138-ஐத் தாண்டினா ஆபத்து. துப்பாக்கி வாங்க காசில்லாத எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஒரு ஓசி டெக்னிக் இருக்கு. ஹெட் மேல ஒரு சொட்டு தண்ணி. மூணு, நாலு செகண்டில் கொதிச்சு ஆவியானா ஓகே. விழுந்ததும் 'சுர்ர்'னு துள்ளி ஓடினா உடனே நிறுத்து. அசையாமல் உட்கார்ந்திருந்தா இன்ஜின் இன்னும் தூங்குதுன்னு அர்த்தம். தோசைக்கல்லுக்கு அம்மா பண்ற அதே டெஸ்ட்!

'அப்போ எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லதுதானே?' அதான் இல்லை. பித்தளை ஸ்லீவ் மேலே போகப் போகக் கொஞ்சம் குறுகலா இருக்கும். ஆறின இன்ஜின்ல பிஸ்டன் உச்சிக்குப் போனா இறுக்கிப் பிடிக்கும். சூடானால் ஸ்லீவ் விரிஞ்சு வழி விடும். அதனால் குளிர்ந்த இன்ஜினைச் சுத்தவிட்டாலும் தேய்மானம்தான். தாத்தாவோட ஷெட்ல ஒரு ப்ளக் பாயின்ட் இருக்கு. அங்கே வரிசையில் நின்னு ஹேர் டிரையரால் இன்ஜினுக்குச் சூடு வைக்கிறதை நீங்க பார்க்கணும். கத்திரி வெயில்ல, வியர்வை சொட்டச் சொட்ட, கல்யாணப் பொண்ணுக்குத் தலை காய வைக்கிற மாதிரி! கரன்ட் பில்லுக்கு ஆளுக்கு இருபது ரூபாய்.

இன்னொரு தமாஷ். வெயில் ஏறினா எரிபொருள் ஊசியைத் திறக்கணும்னுதானே தோணும்? பல நேரம் ரிவர்ஸ். காலையில் 28 டிகிரி, மதியம் 40 டிகிரின்னா காத்தோட அடர்த்தி கிட்டத்தட்ட நாலு சதவிகிதம் குறையும். ஆக்ஸிஜன் குறைஞ்சா, அதே எரிபொருளே கூடுதலாகிடும். கார் மந்தமாகும், குழறும். ஊசியைத் துளி மூடணும். ஆனா வெளியே ஏற்கெனவே அடுப்பு மாதிரி இருக்கே, ஹெட் எப்படி ஆறும்? அதுக்குத்தான் பாடியின் முன் கண்ணாடி, பின் கண்ணாடி இடத்தையெல்லாம் கத்திரியால் வெட்டி காத்துக்கு வழி பண்ணி வெச்சிருக்காங்க. ஊசியை ஒரு சுத்தில் எட்டில் ஒரு பங்கு திருகு, ரெண்டு ரவுண்டு ஓட்டு, அப்புறம் பாரு. அவ்வளவுதான் இங்கே சிலபஸ். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரை இங்கே நடத்தியிருந்தா எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு அரியர் இருந்திருக்காது.

போன மே மாசம் நான் போன அன்னிக்கு எல்லார் கண்ணும் ஒரு பக்கி மேலதான். பாலிடெக்னிக் படிக்கிற தம்பி அவன். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிச் சேர்த்த காசில் வாங்கின செகண்ட் ஹேண்ட் வண்டி. பிஸ்டன், ஸ்லீவ் போச்சுன்னா வண்டி விலையில் பாதி காலி. அவனுக்கு ஞாயித்துக்கிழமையும் காலி.

முதல் ரவுண்டில் 116. அரை டேங்கில் 129. ஊசியைத் திறந்தான். அப்பவும் 141! பின்னாடி வர வேண்டிய புகையைக் காணோம். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் ஐடில் இறங்காமல் 'ஙீ...' என்று அலறுது. பைபாஸ் பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கிற ஒரு அண்ணன், துணியால் சைலன்ஸர் வாயை அடைச்சு நிறுத்தினார். யாரோ வாட்டர் பாட்டிலைத் தூக்க, "ஊத்தினே, ஹெட் கோணிக்கும்டா" என்று ஒரு அதட்டல்.

"ண்ணா, ஊசி எவ்வளவு திறந்தாலும் ஏறுதுண்ணா" - தம்பிக்குக் குரலே வரலை.

"ஊசியை விடு தம்பி. டேங்க் காலியாக ஆகத்தானே ஏறுது?"

எனக்கு அந்தக் கேள்விதான் பிடிச்சது. இந்த கார்களில் பெட்ரோல் பம்ப் கிடையாது. சைலன்ஸரில் இருந்து ஒரு ரப்பர் டியூப் டேங்க்குக்கு வரும். புகையோட அழுத்தம்தான் எரிபொருளைத் தள்ளும். அண்ணன் அந்த டியூபைக் கழட்டி, ஒரு முனையை விரலால் மூடி, டீ குடிச்ச டம்ளர்ல தண்ணி எடுத்து முக்கி ஊதினார். நம்ம சைக்கிள் பஞ்சர் கடை வித்தைதான். சின்னதா, ஊசி முனை அளவுக்கு ஒரு குமிழ் வரிசை. அழுத்தம் அங்கே கசிஞ்சிருக்கு. டேங்க்ல இருப்பு குறையக் குறைய இன்ஜின் பட்டினி கிடந்திருக்கு.

இன்ஜின் தானா ஆற இருபது நிமிஷம். கையால் ஃப்ளைவீலைத் திருப்பிப் பார்த்தார் அண்ணன். உச்சியில் இன்னும் இறுக்கம் இருந்தது. தம்பி மூச்சு விட்டான். இன்னொருத்தர் பாக்ஸிலிருந்து அரை அடி டியூப். திறந்த ஊசியைப் பழைய இடத்துக்கு மூடி, முழு டேங்க் ஓட்டினான். வெள்ளையா ஒரு கோடு புகை பின்னாடியே வந்தது. துப்பாக்கியில் 121. தாத்தா உட்பட எல்லாரும் கை தட்டினோம்.

சீக்கிரம் போங்க. நான் போனப்பவே மூணாவது தெருவில் ஒரு மனைக்குக் கடக்கால் தோண்டியிருந்தாங்க. ஜல்லி லாரி ஏறினா அந்தத் தார் ரோடு பக்கிக்கு லாயக்கில்லை. ஏழு மணிக்குள் இருங்க, பத்தரைக்கு மூட்டை கட்டிடுவாங்க. தொப்பி, தண்ணி, காதுக்குப் பஞ்சு. வளைவில் நிக்காதீங்க, மூணரை கிலோ வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கணுக்காலில் வந்து சொருகினா காமெடி இல்லை. வடிகால் திட்டுக்குப் பின்னாடி நில்லுங்க. தாத்தாவும் அங்கேதான் நிற்பார்.