பெயர் இல்லாத பிக்கப்

பிக்கார்டைக் கழற்றிக் கவிழ்த்ததும் மூன்று பிக்கப்புகளின் அடிப்பக்கமும் தெரிந்தது. கம்பெனிப் பெயர் இல்லை, மாடல் எண் இல்லை. ஒன்றில் மட்டும் நீல மையில் பாதி அழிந்த முத்திரை.

"இது எந்தக் கம்பெனிண்ணே?" என்றான் கிட்டாரைக் கொண்டுவந்த இளைஞன்.

"அது தெரிஞ்சு என்ன தம்பி பண்ணப் போற?"

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு மாடியறை. மெல்லிசைக் குழுக்காரர்களின் கீபோர்டும் ஆம்ப்ளிஃபயரும் சுவரோரம் அடுக்கிக் கிடக்கின்றன. ரேடியோ ரிப்பேரில் தொடங்கி இங்கே வந்து சேர்ந்தவர் இந்தக் கைவினைஞர். பையன் பாலக்கரைப் பக்கம் தேவாலயப் பாடற்குழுவில் வாசிக்கிறான். செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஸ்ட்ராட் வடிவ எலக்ட்ரிக் கிட்டார் அது. தந்தியின் அசைவை மின்னோட்டமாக மாற்றும் மூன்று பிக்கப்புகளில் நடுவில் உள்ளது செத்துவிட்டது. அதே கம்பெனி பிக்கப் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்பது அவன் கணக்கு.

அந்தக் கணக்கு இங்கே செல்லாது. சீனாவிலும் இந்தோனேசியாவிலும் ஒரே தொழிற்சாலை பல பிராண்டுகளுக்குக் கிட்டார் செய்து தருகிறது. பிக்கப்பை அந்தத் தொழிற்சாலையே சுற்றியிருக்கலாம், யாரிடமாவது மொத்தமாக வாங்கியும் இருக்கலாம். மலிவாகத் தருகிறவர் மாறினால் சரக்கும் மாறும், வெளியே பிராண்டுப் பெயர் மட்டும் மாறாது. ஆகவே யார் செய்தது என்று தேடுவது வீண். என்ன செய்திருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி, அதற்குப் பத்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டிப் பேர்வாங்கிய ஊர் திருச்சி. கல்லில் யாரும் பெயர் எழுதி வைப்பதில்லை, கையில் வாங்கிப் பார்த்துத்தான் தரம் சொல்கிறார்கள்.

முதலில் காந்தம். பிக்கப்பின் அடியில் கறுப்பாக ஒரு பட்டை ஒட்டியிருந்தது. "பாத்தீங்களா சார், செராமிக். மேல தெரியுற ஆறு தண்டும் வெறும் இரும்பு. அடியில இருக்கிற பட்டைதான் காந்தம்" என்று எனக்குக் காட்டினார். ஸ்ட்ராட் பிக்கப்பின் அல்னிகோ ரகத்தில் பட்டை இருக்காது. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகத்தில் வார்த்த அந்த ஆறு தண்டுகளே காந்தம். செராமிக் என்றாலே மட்டம் என்று பையன்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். 1970-களில் ராக் இசைக்காரர்கள் தேடித்தேடி மாட்டிய டிமார்சியோ 'சூப்பர் டிஸ்டார்ஷன்' பிக்கப்பில் இருப்பதும் செராமிக் காந்தமே.

அடுத்தது மல்டிமீட்டர், 20 கிலோ ஓம் ரேஞ்சில். கழுத்துப் பக்கத்து பிக்கப் 6.2 காட்டியது, பிரிட்ஜ் பக்கத்தது 6.4. நடுவில் உள்ளது ஒன்றுமே காட்டவில்லை, காயில் எங்கோ அறுந்திருக்கிறது. எண்களைக் குறித்துக்கொண்டவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "நம்ம ஊர் வெயிலையும் கழிக்கணும் சார்." செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். 25 டிகிரியில் 6 கிலோ ஓம் காட்டுகிற காயில் 38 டிகிரியில் 6.3 காட்டும். குளிரூட்டிய அறையில் அளந்து எழுதியதைத் திருச்சியின் சித்திரை வெயிலில் அளந்ததோடு ஒப்பிட்டு, இது வேறு பிக்கப் என்று சண்டைக்குப் போகக் கூடாது.

பெயரை நம்புவதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கிப்சன் கம்பெனியின் சேத் லவர் 1955-இல் இரைச்சலை அடக்கும் இரட்டைக் காயில் பிக்கப்பான ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆரம்பத்தில் வந்தவற்றின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற துண்டுச் சீட்டு மட்டும்தான். இன்று அவற்றில் ஒன்றே லட்ச ரூபாய்க்கு மேல் போகிறது. பிறகு வந்த சீட்டில் எண்ணை அச்சிட்டார்கள். அது பிக்கப்பின் எண்ணே அல்ல, கிட்டார் கலைஞர் லெஸ் பால், தந்திகளைக் கட்டும் டெயில்பீஸுக்கு வாங்கிய காப்புரிமையின் எண்!

அன்று மாலை அவருக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு வேலை. நானும் ஒட்டிக்கொண்டேன். காவிரிப் பாலம் தாண்டி, சித்திரை வீதியில் வீணை சொல்லித்தரும் ஒரு மாமி வீடு. கோயிலில் பெருமாள் முன் வாசிக்கும் வீணை ஏகாந்தம் கேட்டு வளர்ந்தவர். கச்சேரிக்கு ஒட்டும் பிக்கப் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். "கிட்டார்ல வைக்கிறதையே இதிலயும் வெச்சா என்ன?" என்று கேட்டார். பையிலிருந்த பழைய கிட்டார் பிக்கப் ஒன்றைச் சின்ன ஸ்பீக்கரில் இணைத்துத் தந்திகளுக்கு மேலே பிடித்தார் இவர். மாமி மீட்டினார். சாரணித் தந்தியும் பஞ்சமத் தந்தியும் கணீரென்று வந்தன. மந்தரமும் அனுமந்தரமும் ஸ்பீக்கரில் வரவே இல்லை.

"பாதி வீணைதான் கேக்கறது."

"இதுக்குக் காது கிடையாது மாமி. இரும்பு அசைஞ்சாத்தான் தெரியும். கீழ ரெண்டும் பித்தளை."

மின்காந்தத் தூண்டலை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது, காயிலில் மின்னோட்டம் பிறக்கிறது. காற்றில் வரும் ஒலிக்கு இதில் வேலையில்லை. மாமியின் வீணைக்கு அதிர்வை நேரடியாக வாங்கும் பீசோ வில்லையை ஒட்டினார். குடத்தில் எந்த இடத்தில் ஒட்டுவது என்பதற்கே வெகுநேரம் போனது, அது தனிக்கதை.

மாடியறைக்குத் திரும்பியபின் செத்த பிக்கப்பை எடுத்தார். பிளாஸ்டிக் மூடியை நீக்கி லென்ஸை மாட்டிக்கொண்டார். பிக்கப்புக்குச் சுற்றும் கம்பி பெரும்பாலும் 42 கேஜ், அதாவது தடிமன் 0.06 மில்லிமீட்டர். ஆயிரக்கணக்கான சுற்று. உள்ளே அறுந்திருந்தால் முழுக்கப் பிரித்துச் சுற்ற வேண்டும். இதில் வயர் பற்றவைத்த முனையிலேயே விட்டிருந்தது. மூச்சை அடக்கி, ஊசி முனையால் ஒரு சுற்றை மட்டும் தளர்த்தினார். ஈயத்தின் சூட்டில் கம்பி மேலிருந்த எனாமல் கருகி விலக, முனை பற்றிக்கொண்டது. மீட்டர் 6.1 காட்டியது. புது பிக்கப் தேவையில்லை.

வேலை முடிந்தது என்று, காத்திருந்த பையன் எழுந்தான். இவர் விடவில்லை, ஒரு திசைகாட்டியை எடுத்தார். மூன்று பிக்கப்புகளின் மேற்புறமும் முள்ளின் ஒரே முனையை இழுத்தன. "இப்படி இருந்தா சுவிட்சை 2-லயும் 4-லயும் போட்டாலும் இரையும்." அந்த இரண்டு நிலைகளிலும் நடு பிக்கப்பும் பக்கத்து பிக்கப் ஒன்றும் சேர்ந்து ஒலிக்கும். நடு பிக்கப்பின் காந்தத் திசையும் சுற்றுத் திசையும் மற்ற இரண்டுக்கு எதிராக இருந்தால், சேர்த்து ஒலிக்கும்போது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும், தந்தியின் நாதம் மட்டும் கூடும். தொழிற்சாலையில் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

அல்னிகோவாக இருந்தால் தண்டுகளை மறுபடி காந்தமேற்ற வேண்டியிருக்கும். தண்டின் மேலேயே கம்பி சுற்றியிருப்பதால் உருவவும் முடியாது. செராமிக்கில் அந்தத் தொல்லை இல்லை. சூடு காட்டிப் பசையை இளக்கினார், பட்டையைப் பெயர்த்துப் புரட்டி ஒட்டினார், இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தார். ஊசி மீட்டரை மாட்டி ஒவ்வொரு பிக்கப்பையும் திருப்புளியால் தட்டிப் பார்த்தார். மூன்றுக்கும் ஊசி ஒரே பக்கம் சாய்ந்தது, அதனால் நாதம் மெலியாது.

ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, இரைச்சலுக்கென்றே வைத்திருக்கும் பழைய ட்யூப் லைட்டையும் போட்டார். சுவிட்ச் 2-இல் இரைச்சல் கிட்டத்தட்ட அடங்கியிருந்தது, 4-லும் அப்படியே. நடு பிக்கப்பைத் தனியாகப் போட்டால் மட்டும் பழையபடி இரைந்தது. பையன் நிமிர்ந்து பார்த்தான். "அது அப்படித்தான் தம்பி, சிங்கிள் காயில்" என்று சொல்லிவிட்டு அவர் திருகுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.