அப்பா பார்த்த மெட்ராஸ்

பூம்புகாரை ஒட்டிய கிராமத்தில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு வயது 76. மகன் வீடு தாம்பரத்தில். ஆனால், சென்னைக்கு வரும்போதெல்லாம் அவர் தாம்பரத்தில் இறங்க மாட்டார். எழும்பூர் வரை போய், அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு, மின்சார ரயிலில் திரும்பி வருவார்.

“இந்த வயசுல ஏம்ப்பா இப்படி அலையிறீங்க?” என்று மகன் அலுத்துக்கொள்வார்.

1966-ல் அவரைக் கல்லூரியில் சேர்க்க, நெல் விற்ற பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு, சீர்காழியில் ரயிலேறினார் அவருடைய அப்பா. விடியற்காலையில் எழும்பூர். அழைத்துப்போக உறவினர் வந்திருந்தார். பணத்தை எண்ணிக் கொடுத்த அப்பா, “ஊர்ல மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்ல. நான் கிளம்பறேன்” என்று, திரும்பும் ரயில் வரும்வரை ஸ்டேஷனிலேயே இருந்துவிட்டார். மறுபடி அவர் சென்னைக்கு வரவேயில்லை. கடற்கரையைக்கூடப் பார்த்ததில்லை.

ஊரில் யாராவது “மெட்ராஸ் எப்படி?” என்று கேட்டால், அவர் ஸ்டேஷனைத்தான் சொல்வார். சிவப்புச் சுவர், வெள்ளை வளைவுகள், அண்ணாந்து பார்க்க வைக்கும் கூரை, பிளாட்பாரம் வரைக்கும் வந்து நிற்கும் கார்! “வெள்ளைக்காரன் வேலைன்னா வேலைதான்” என்று முடிப்பார்.

அப்பா காலமான பிறகுதான் அந்தக் கட்டடத்தின் கதையை மகன் படித்தார். தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்காக 1905-ல் வேலை தொடங்கியது. மைசூர் அரண்மனையை வடிவமைத்த ஹென்றி இர்வினும், இ.சி.பேர்டும் வரைபடம் போட்டார்கள். ஐரோப்பியப் பாணியும் முகலாயக் குவிமாடமும் கலந்த இந்தோ-சாரசெனிக் கட்டடம். செலவு 17 லட்சம் ரூபாய். திறப்பு விழா 1908 ஜூன் 11. செங்கல் செங்கலாகக் கட்டி எழுப்பிய கான்ட்ராக்டர், பெங்களூரைச் சேர்ந்த சாமிநாத பிள்ளை!

போன மாதம் பேரனையும் எழும்பூருக்கு அழைத்துப் போனார்.

“உன் கொள்ளுத்தாத்தா பார்த்த மெட்ராஸ் இதுதான்” என்றவர், கட்டியவரின் பெயரையும் சொன்னார்.

“அப்போ கொள்ளுத்தாத்தா சொன்னது தப்பா தாத்தா?”

“வரைஞ்சது வெள்ளைக்காரங்கதான். கட்டினது நம்மாளு. இது மட்டும் அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பாரு.”

தாம்பரம் ரயில் வந்தது. “அடுத்ததுல போகலாம் தாத்தா” என்றபடி பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான் பேரன்.