பனி நாட்டில் ஒரு நத்தார் விருந்து

பொங்கலோ, நோன்புப் பெருநாளோ, நத்தாரோ எதுவாயினும் அன்றைக்கு வீட்டில் முதலில் எழும்புபவளும் கடைசியாகப் படுப்பவளும் பெண்தான். பண்டிகையின் பாரம் அடுப்படியில்தான் இறங்குகின்றது. அந்த அடுப்படியையே இழந்து நிற்கும் பெண்ணுக்குப் பண்டிகை என்பது என்ன? முகாம்களிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் பணி செய்த காலத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி என் மனதில் எழுந்ததுண்டு. இதற்கான பதிலொன்றை எங்கோ தூரத்தில், பனி மூடிய ஒரு நாட்டின் சமையலறையில் காணக் கிடைத்தது. அதனை வாசகச் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

குடும்ப நலப் பணி தொடர்பான பயிற்சி ஒன்றுக்காக 2023 டிசம்பரில் பின்லாந்து சென்றிருந்தேன். இந்நாட்டின் பெயர் எம்மவர்க்குப் புதியதல்ல. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் கண்காணிப்புக் குழுவுக்கு ஆட்களை அனுப்பிய ஐந்து வட ஐரோப்பிய நாடுகளுள் பின்லாந்தும் ஒன்று. பயிற்சி முடிந்ததும் விடுமுறை நாட்களைத் தங்கள் வீட்டில் கழிக்குமாறு உடன் பயின்ற பெண்ணொருத்தி அழைத்தாள். தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரத்திலுள்ள லஹ்தி நகரத்துக்கு அருகில் அவர்களுடைய கிராமம். ரயிலில் ஒரு மணித்தியாலம். பிறகு காரில் சிறிது தூரம். காலை ஒன்பது மணி கடந்துதான் சூரியன் எழும்பும். பின்னேரம் மூன்றரைக்குள் இருட்டிவிடும். வீதியின் இரு மருங்கிலும் பனி. எல்லா வீட்டு யன்னல்களிலும் சிறு விளக்கு.

வீட்டில் தோழியும் அவளது தாயும் 83 வயதுப் பாட்டியும் இருந்தார்கள். பாட்டியை அவர்கள் மொழியில் ‘மும்மோ’ என்பார்கள். எங்கள் ‘அம்மம்மா’வுக்கு அது அவ்வளவு தூரமில்லை என்பதால் நானும் அவரை மும்மோ என்றே அழைத்தேன். அவர் பேசியதைத் தோழி ஆங்கிலத்தில் சொல்லித் தந்தாள்.

இறைச்சி தெரிதல்

அந்நாட்டு நத்தார் விருந்தின் தலைமைப் பதார்த்தம் ‘ஹாம்’ எனப்படும் உப்பிலிட்ட பன்றித் தொடை. எமது வாசகிகளிற் பலர் இதனை உண்ணாதவர்கள் என்பதை நான் அறிவேன். முஸ்லிம் சகோதரிகளுக்கு இது விலக்கப்பட்டது. சைவ வீடுகள் பலவற்றிலும் இது அடுப்பேறுவதில்லை. எங்கள் வீட்டிலும் ஏறியதில்லை. விருந்தாளியாகச் சென்ற இடத்தில் ஒரு மெல்லிய துண்டைச் சுவைத்தேன். ஆயினும் அதனைத் தெரிவு செய்வதிலும் சமைப்பதிலும் அந்தப் பெண்கள் காட்டிய கவனம் எந்தப் பண்டிகைச் சமையலுக்கும் பொருந்தக்கூடியது.

நத்தாருக்கு மூன்று நாட்கள் முன்னதாகச் சந்தைக்குப் போனோம். இறைச்சிக் கடையில் எலும்புடனும், எலும்பு நீக்கி நூல் வலையில் இறுக்கியும், உறைய வைத்தும் தொடைகள் கிடந்தன. உறைந்தது விலை குறைவு. ஆனால் பெரிய தொடை குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்து மெதுவாக இளகுவதற்கு நாலைந்து நாட்கள் வேண்டும். அவசரப்பட்டு வெளியில் வைத்தால் மேற்புறம் கெட உட்புறம் கட்டியாகவே இருக்கும். எங்களுக்கோ மூன்று நாட்களே இருந்தன. ஆகவே உறையாததை, எலும்புடன் வாங்கத் தீர்மானித்தார்கள். எலும்புடன் என்றால் ஆளுக்கு 300 முதல் 400 கிராம் வரை கணக்கு. விருந்துக்குப் பத்துப் பேர். மறுநாள்களுக்கும் வேண்டும் என்று 7 கிலோவில் ஒன்றைக் காட்டினார் மும்மோ.

தோழி கொழுப்புக் குறைந்த துண்டொன்றைத் தூக்கினாள். மும்மோ தலையை ஆட்டி மறுத்தார். மேலே ஒரு விரல் தடிப்புக்கு வெள்ளையான, உறுதியான கொழுப்பு இருக்கவேண்டுமாம். வேகும்போது அக்கொழுப்பு உருகி இறைச்சியை உலரவிடாமற் காக்கும். பிடிக்காதவர்கள் தட்டில் ஒதுக்கிவிடலாம் என்றார். நிறத்திலும் ஒரு விடயம் உண்டு. வெறும் உப்பில் ஊறிய தொடை வெந்ததும் சாம்பல் நிறமாகும். நைத்திரைற்று கலந்த உப்பில் ஊறியது இளஞ்சிவப்பாகவே இருக்கும். மும்மோவின் வீட்டில் எப்பொழுதும் சாம்பல் நிறமானதுதான்.

உப்பின் வேலை எங்களுக்கும் தெரிந்ததே. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் கருவாடு போடுபவர்களும், வன்னியில் இறைச்சியை வத்தலாக்கியவர்களும் செய்தது இதையே. உப்பு நீரை இழுத்து, பழுதாக்கும் கிருமிகளைப் பெருகவிடாமற் தடுக்கின்றது. நாங்கள் வெயிலை நம்பினோம். அவர்கள் குளிரை நம்பினார்கள்.

இரவெல்லாம் வேகும் தொடை

23ஆம் திகதி பின்னேரமே தொடையை வெளியில் எடுத்து, ஈரம் துடைத்து வைத்தார்கள். குளிர் விலகாமல் அடுப்பேறினால் வேகும் நேரம் கணக்கில் வராது. இரவு பத்து மணியளவில் மின் அவணை 125 பாகை செல்சியசில் வைத்து, தோலும் கொழுப்பும் மேலே வரும்படி ஒரு தட்டில் ஏற்றினார்கள். உப்புச் சேர்க்கவில்லை, அது முன்பே ஏறியிருக்கிறது. கூரான முனையுடைய வெப்பமானி ஒன்றைத் தொடையின் மிகத் தடித்த இடத்திற் குத்தினார் தோழியின் தாய். முனை எலும்பில் முட்டக்கூடாது. முட்டினால் பொய்க் கணக்குக் காட்டும். இந்தச் சூட்டில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் பிடிக்கும். ஆனால் மணிக்கூட்டைவிட வெப்பமானியைத்தான் நம்பவேண்டும். நடுப்பகுதி 77 பாகையைத் தொட்டால் வெந்தது. 80ஐத் தாண்டி வெகுதூரம் போனால் இறைச்சி உலர்ந்துவிடும்.

விடியப்புறம் ஐந்து மணிக்கு நான் எழும்பியபோது வீடு முழுவதும் வாசம். மும்மோ அடுப்புக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். ஆறரை மணிக்கு வெளியே எடுத்தார்கள். சிறிது ஆறவிட்டுத் தோலை உரித்து, கொழுப்பின் மேல் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, கடுகு விழுது பூசி, பாண் தூளும் சிவப்புச் சீனியும் தூவினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கராம்பு. எங்கள் கண்டி, மாத்தளைப் பக்கங்களிலும் கராம்பு விளைகின்றது என்று சொன்னபோது மும்மோ ஒரு கராம்பை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு 225 பாகைச் சூட்டில் பத்து நிமிடங்கள்; மேற்பரப்பு பொன்னிறமாகியது.

வடிந்த சாற்றிற் கொழுப்பை நீக்கிக் குழம்பு வைத்தார்கள். கரட், உருளைக்கிழங்கு, மஞ்சள் நிற முள்ளங்கிக் கிழங்கு ஆகியவற்றைத் தனித்தனியே மசித்து அவித்த பதார்த்தங்கள் மூன்று. பீட்றூட் சேர்ந்த சலாது. எலும்பையும் எறிவதில்லை. நத்தார் முடிந்தபின் உலர்ந்த பட்டாணியுடன் அதனைக் கொதிக்கவிட்டால் இரண்டு நாள் சூப் தயார்.

இரண்டு கல்லறைகள்

விருந்து 24ஆம் திகதி பின்னேரம். அதற்கு முன்னர் இரண்டு காரியங்கள் உண்டு. நண்பகலில் துர்க்கு என்ற பழைய நகரத்திலிருந்து ‘நத்தார் சமாதானம்’ பிரகடனப்படுத்தப்படும். மத்திய காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. நாடெங்கும் ஒலி, ஒளிபரப்பாகின்றது. 1939இல் விமானத் தாக்குதல் அச்சத்தால் அது வாசிக்கப்படவில்லை.

அதன்பின் மயானத்துக்குப் போனோம். பனிக்குள் ஆயிரக்கணக்கான மெழுகுதிரிகள். போரில் இறந்தவர்களுக்கு ஒரே அளவான கற்கள் வரிசையாக. இறந்த படையினரின் உடல்களை இயன்றவரை சொந்த ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்வது பின்லாந்தின் வழமையாக இருந்தது. ஆனால் மும்மோ அந்த வரிசைக்குப் போகவில்லை. ஓரத்தில் இருந்த பெரிய கல் ஒன்றின் முன்னால் திரியை வைத்தார். கரேலியாவில் கைவிட்டு வந்த கல்லறைகளுக்கான நினைவுக்கல் அது. இப்படிப்பட்ட கற்கள் அந்நாட்டு மயானங்கள் பலவற்றில் உள்ளன. இறந்தவரிடம் போக முடியாதவர்கள் அங்கே விளக்கு வைக்கிறார்கள்.

நான் பேசாமல் நின்றேன். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரக் கொட்டில்களில் இருக்கும் எங்கள் தாய்மார் நினைவுக்கு வந்தார்கள். விளக்கு வைப்பதா, வரும் என்று காத்திருப்பதா என்று தெரியாத துயரம் அவர்களுடையது.

முதற் பன்றி

அன்றிரவு விருந்து முடிந்து கோப்பி குடிக்கும்போது மும்மோ தன் கதையைச் சொன்னார்.

சோவியத் ஒன்றியத்துடனான போர்களில் பின்லாந்து கரேலியாவின் பெரும்பகுதியை இழந்தது. 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். அக்காலச் சனத்தொகையில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் அதிகம். பலர் இரண்டு முறை ஓடினார்கள். 1940இல் ஒருமுறை, 1942 அளவில் திரும்பி வீட்டைத் திருத்தியபின் 1944இல் மறுமுறை. மாடுகளைப் பெண்களும் இளவயதினரும் நாட்கணக்காக நடத்திக்கொண்டு வந்தார்கள். மும்மோவுக்கு அப்போது நாலு வயது. தகப்பன் அந்தக் கோடையில் போர்முனையில் இறந்துவிட்டார்.

தாயையும் மூன்று பிள்ளைகளையும் ஒரு பண்ணை வீட்டின் ஓர் அறையில் இருத்தினார்கள். குசினி பொதுவானது. வீட்டுக்காரி கெட்டவளல்ல, ஆனால் அவளுடைய அடுப்பில் எப்போது சமைப்பது, எவ்வளவு விறகு எடுப்பது என்று நாளும் ஒரு முறுகல். 1944 நத்தாருக்கு வீட்டுக்காரி கொடுத்ததைத்தான் அவர்கள் உண்டார்கள். “அம்மா ஒவ்வொரு வாய்க்கும் நன்றி சொன்னார். அன்றைக்கு அவர் வயிறாரச் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை” என்றார் மும்மோ.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்திலிருந்து வெளியேறியபோது எனக்கு ஏழு வயது. அடுத்த பொங்கலுக்குத் தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்தோம். பானை இரவல், அரிசி நிவாரணம். என் அம்மாவும் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார். ஆகவே மும்மோ சொன்னது எனக்கு மொழிபெயர்ப்பின்றியே விளங்கியது.

1945இல் பின்லாந்துப் பாராளுமன்றம் காணிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அரசிடமிருந்தும் கம்பனிகளிடமிருந்தும் பெரிய நிலவுடைமையாளரிடமிருந்தும் காணி எடுத்து, இடம்பெயர்ந்த விவசாயிகளுக்கும் போரிலிருந்து திரும்பியவர்களுக்கும் கொடுத்தார்கள். அச்சட்டத்தில் போர் விதவைகளும் உரித்துடையோராகச் சேர்க்கப்பட்டார்கள் என்பது நாம் குறித்துக்கொள்ளவேண்டியது. மும்மோவின் தாய்க்குக் கிடைத்தது கல்லும் மரமும் நிறைந்த காடு. கடன் வேறு. ஆனால் உறுதி அவருடைய பெயரில் இருந்தது.

அயலவர் உதவியோடு இரண்டு அறை வீடு எழுந்தது. 1948 வசந்தத்தில் ஒரு பன்றிக்குட்டி வாங்கினார். கிழங்குத் தோலும் மோர்த் தண்ணீரும் அதற்குத் தீனி. கார்த்திகையில் அறுத்து, தொடையை மரத்தொட்டியில் உப்பிலிட்டார். நத்தாருக்குக் கம்பு மாவைப்போன்ற கறுத்த றை மாவைப் பிசைந்து அதைச் சுற்றி மூடி, விறகுப் போறணையில் இரவு முழுக்க வேகவிட்டார். வெந்ததும் முதல் வேலையாகப் பெரிய துண்டொன்றை வெட்டித் துணியிற் சுற்றி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்தப் பழைய பண்ணை வீட்டுக்கு நடந்தார்.

“திரும்பி வரும்போது அம்மா பாட்டுப் பாடினார். இனிமேல் நாங்கள் விருந்தாளிகள் இல்லை என்று சொன்னார்” என்றார் மும்மோ.

எங்களுக்கு

சமூகவியலில் கொடுக்கல் வாங்கல் பற்றிப் படித்திருக்கிறேன். வாங்கிக்கொண்டே இருப்பவர் சமமானவராக உணர்வதில்லை. திருப்பிக் கொடுக்கும் நாளிற்தான் உறவு நேராகின்றது. மீள்குடியேறிய கிராமமொன்றில் கணவனை இழந்த ஒரு சகோதரி, கிணறு இறைத்துத் தன் காணியில் விளைந்த முதற் பூசணிக்காயை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து தந்ததன் பொருள் எனக்கு அப்போது முழுமையாகப் புரியவில்லை. அவர் அன்று எங்களுடைய பயனாளி அல்ல. எங்களுக்கு விருந்து வைத்தவர்.

நிவாரணம் பசியை ஆற்றும். விருந்து கொடுப்பதற்குச் சொந்த அடுப்பு வேண்டும். அடுப்புக்கு வீடும், வீட்டுக்குக் காணியும் வேண்டும். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்குக் காணி உறுதி பெண்ணின் பெயரில் இருக்கவேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான். சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பமுடியாத சகோதரிகள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய கோரிக்கையில் பயிரும் கிணறும் மட்டுமன்றி, ஒரு பண்டிகை நாளில் அயலவளை “வா, இருந்து சாப்பிடு” என்று அழைக்கும் உரிமையும் அடங்கியிருக்கின்றது.

அதுவரையில் எம்மால் இயன்றது ஒன்று உண்டு. மாதர் சங்கங்களில் வரும் பண்டிகைக்கு ஒரு பொதுப் பானை வைப்போம். பொங்கலோ, புக்கையோ, கோழிக்கறியோ, அவரவர் வழக்கப்படி இருக்கட்டும். காணியற்ற சகோதரியைச் சாப்பிட மட்டும் அழைக்காமல் அகப்பையை அவர் கையிற் கொடுத்து, மற்றவர்களுக்கு அவரே பரிமாறட்டும்.