இகுவானா குளித்த தண்ணீர்

ஒரகடத்தில் எங்கள் ரூமில் மூன்று பேர். நான், ஷிப்ட் முடிந்ததும் கட்டையாய்ச் சாயும் ரூம்மேட், அவன் வளர்க்கும் இகுவானா. வாலோடு சேர்த்து நாலரை அடி. வாடகையில் பங்கு தராதது அது ஒன்றுதான்.

"இன்னா தம்பி, உடும்பு புடிச்சாந்து வச்சிக்கீறீங்க? போலீஸ் வரப்போவுது!" என்றார் ஹவுஸ் ஓனர் அம்மா.

உடும்பு என்றால் நிச்சயம் வரும். இது தென் அமெரிக்கச் சரக்கு, கீரை தின்கிற சுத்த சைவம். அதற்காகச் சும்மாவும் வைத்துக்கொள்ள முடியாது. 2024ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி பதிவு செய்யவேண்டும். ரேஷன் கார்டுக்கு இன்னும் அலைந்துகொண்டிருக்கும் ரூம்மேட், இகுவானாவுக்கு முறையாகப் பதிவு வாங்கிவிட்டான்!

தலைவலி அதன் தண்ணீர்த் தொட்டிதான். குடிப்பது, குளிப்பது, 'போவது' எல்லாம் அதிலேயே. சொந்த ஊரில் ஆற்றோர மரக்கிளையில் படுத்திருக்கும்; ஆபத்து என்றால் தொபுக்கடீரென்று தண்ணீரில் குதிக்கும். தண்ணீரில் இறங்கினால் வயிற்றைக் காலி செய்வது வழக்கம். ஆறு அடித்துக்கொண்டு போய்விடும். பிளாஸ்டிக் தொட்டி எங்கே கொண்டு போகும்?

மீன் தொட்டி பில்டர் ஒன்றை வாங்கி மாட்டினான் ரூம்மேட். தண்ணீர் பளபளத்தது. "பார்த்தியாடா, மினரல் வாட்டர்!" என்றான்.

கம்பெனியில் நான் பார்ப்பது கழிவுநீர் சுத்திகரிப்பு வேலை. பன்னீர் மாதிரி இருந்த சாம்பிள் லேபில் பெயிலாகி வந்ததை எத்தனையோ தடவை பார்த்தவன். பில்டர் பஞ்சு கழிவைப் பிடித்து வைக்கும், வெளியே எறியாது. காபி டிகாக்ஷன் மாதிரி, அந்தக் கசடு வழியாகவே தண்ணீர் திரும்பத் திரும்ப இறங்கும். அமோனியாவை மாற்றுகிற பாக்டீரியா அந்தப் பஞ்சில் வளர வாரக்கணக்கில் ஆகும். அதுவும் மீன் போடுகிற அளவுக்குத்தான் தாங்கும். இவர் போடுவது கொஞ்சநஞ்சமா?

"வடநெம்மேலி முதலைப் பண்ணையில தண்ணி பச்சையாத்தான் இருக்கு. முதலை என்ன செத்தா போச்சு?" என்று மடக்கினான். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் அழைத்துப் போய்க் காட்டினேன். 1976ல் ராமுலஸ் விட்டேக்கர் ஆரம்பித்த பண்ணை. பச்சை என்பது பாசி. கழிவில் இருக்கும் சத்தைத் தின்றுதான் அது வளர்கிறது. வெயில் விழும் பெரிய குளம் அதைத் தாங்கும். "நாற்பது லிட்டர் தொட்டியில தாங்குமான்னு நீயே சொல்லு" என்றேன். கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தான்.

விஷயம் முற்றியது கறிவேப்பிலைச் செடியால். எங்கள் தெருவில் டேங்கர் லாரி வந்தால்தான் தண்ணீர். தொட்டித் தண்ணீரை வீணாக்குவானேன் என்று ஹவுஸ் ஓனர் அம்மா ரூம்மேட்டிடம் கேட்டு வாங்கிச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு மாலை கேட்டைத் திறக்கிறேன்... அவருடைய இரண்டு வயசுப் பேரன் அந்த ஈர மண்ணைப் பிசைந்து இட்லி சுட்டுக்கொண்டிருக்கிறான். விரல் வாய்க்குப் போகிறது!

ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாகக் குடியிருக்கும். அதற்கு ஒன்றும் ஆகாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வந்தாலோ பேதி, காய்ச்சல், ஆஸ்பத்திரி வரை இழுத்துவிடும். பயலைத் தூக்கிப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அவன் அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது.

அன்று ராத்திரியே சட்டம் போட்டேன். குடிக்கத் தனிக் கிண்ணம், தினமும் மாற்றவேண்டும். குளியல் காலையில் மட்டும், அதன் தோள் மட்டத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர். (மே மாதம் மொட்டை மாடி டேங்க்கே வெந்நீர் போட்டுத் தரும்.) 'காரியம்' முடிந்ததும் எல்லாம் கக்கூஸுக்கு. தொட்டியைக் கிச்சன் ஸிங்க் பக்கமே கொண்டுவரக்கூடாது. பிளீச்சிங் கரைசலில் தேய்த்து, வாடை போகிற வரை அலசி, வெயிலில் காயவைக்க வேண்டும். பில்டரை விற்ற காசில் இரண்டாவது தொட்டி வந்தது. ஒன்று காய்கையில் இன்னொன்று.

ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேரனை இடுப்பில் இறுக்கிக்கொண்டு செடியையே பார்த்தார்.

"அதான் இந்தத் தழை தழைச்சுதா! நேத்து ரசத்துக்குக்கூட அதுல தானே கிள்ளினேன்..."

அந்த ரசத்தில் ஒரு கிண்ணம் எங்கள் ரூமுக்கும் வந்திருந்தது.