முகத்தை நம்பு... காலை நம்பாதே!

'மூஞ்சியைப் பார்த்து ஆளை எடை போடாதே'னு வீட்ல சொல்லிச் சொல்லி வளர்த்திருப்பாங்க. கனடாவுல ஒஷாவா பக்கம் போனா, அந்த அட்வைஸை அப்படியே தலைகீழா திருப்பிப் போடணும் ஃப்ரெண்ட்ஸ்!

டொரன்டோ யூனியன் ஸ்டேஷன்ல லேக்‌ஷோர் ஈஸ்ட் ரயிலைப் பிடிச்சா, ஏறக்குறைய ஒரு மணி நேரத்துல ஒஷாவா. டர்ஹாம் காலேஜும் ஒன்டாரியோ டெக் யுனிவர்சிட்டியும் இருக்கிற ஊர். ஸ்கார்பரோ, ஏஜாக்ஸ் பக்கத்துத் தமிழ்ப் பசங்களுக்கு நல்லாவே பழக்கப்பட்ட ரூட். ஊர் ஏர்போர்ட்டை ஒட்டி இருக்கு, முன்னாடி ஒன்டாரியோ ரெஜிமென்ட் மியூசியம்னு பேர் வெச்சிருந்த கனடியன் டாங்க் மியூசியம். 'தொடாதே'னு போர்டு மாட்டி தூங்க வைக்கிற இடம் இல்லை பாஸ். பழைய டாங்கிகளையும் ராணுவ வண்டிகளையும் ஸ்டார்ட் பண்ணி, புகை பறக்க ஓட்டியே காட்டுறாங்க!

ஒஷாவாவுல இதுக்கு ஒரு காரணம் இருக்கு. இரண்டாம் உலகப் போர்ல கனடா தயாரிச்ச ராணுவ வண்டிகள் 8 லட்சத்துக்கும் மேல. அதுல ஏறக்குறைய பாதி சி.எம்.பி. - அதாவது கனடியன் மிலிட்டரி பேட்டர்ன். சப்பை மூக்கு லாரிங்க! கப்பல்ல இடம் மிச்சமாகணும்னு மூக்கை அமுக்கிட்டாங்க. ஒஷாவாவுல ஜெனரல் மோட்டார்ஸ், வின்ட்சர்ல ஃபோர்டு. ரெண்டு கம்பெனியும் ஒரே டிசைனைப் பிரிச்சுக்கிட்டு செஞ்சாங்க.

அப்போ எது யாரோட வண்டி? முன்னாடி இருக்கிற கிரில் வலையைப் பாருங்க. கம்பி குறுக்கா சாய்ஞ்சு ஓடினா செவ்ரோலே. செவ்வகக் கட்டமா இருந்தா ஃபோர்டு. பானட்டைத் தூக்கினா செவ்ரோலேவுல ஆறு சிலிண்டர், ஃபோர்டுல வி-8. அடுத்து கண்ணாடி. மேல்பக்கம் முன்னால துருத்தி, கீழ்நோக்கி சாய்ஞ்சிருந்தா அது 13-ம் நம்பர் கேபின், 1941 கடைசியில வந்தது. வெயில் பட்டு கண்ணாடி மின்னினா எதிரி விமானம் கண்டுபிடிச்சிடுமே, அதான் அந்தச் சாய்மானம்!

பேருக்குள்ளேயே ஜாதகமும் இருக்கு. 'சி15ஏ'ன்னா செவ்ரோலே, 15 ஹன்ட்ரட்வெயிட் (சுமார் 760 கிலோ) சுமக்கும், நாலு சக்கரமும் இழுக்கும். 'எஃப்60எல்'ன்னா ஃபோர்டு, 3 டன், நீளமான சேஸிஸ்.

எல்லாம் சரி, சக்கரத்தைப் பார்த்து வயசு சொல்லலாமா? அங்கதான் ஏமாந்துடுவோம். போர் முடிஞ்சதும் இந்த லாரிகள் நார்வே, நெதர்லாந்து ராணுவங்களுக்குப் போச்சு. ஆஸ்திரேலியாவுல 'பிளிட்ஸ்'னு செல்லப் பேரு வாங்கி, பண்ணையிலயும் தீயணைப்பு வேலையிலயும் உழைச்சது. போன இடத்துல எந்த டயர் கிடைச்சதோ, அதுக்கு ஏத்த ரிம்மை மாட்டிக்கிட்டாங்க. வண்டியில ஈஸியா மாறுறது கால்தான்!

இந்தியாவுல முகமே மாறிப்போச்சு. கனடாவுல இருந்து வந்த ஃபோர்டு சேஸிஸ் மேல கவச உடம்பு கட்டினாங்க. ஜாம்ஷெட்பூர் டாடா ஆலை தொடர்பால அதுக்கு 'டாடாநகர்'னே பேரு.

இப்போ கொஞ்சம் சீரியஸா ஒரு விஷயம். சி.எம்.பி.யோட ஒரிஜினல் ரிம் ரெண்டு துண்டு. ரெண்டு தட்டையும் சுத்திவர நட் போட்டு முறுக்கியிருப்பாங்க. குண்டு பட்டுக் காத்து போனாலும் ஓடுற தடிச்ச டயர் அது. அதை ஒரே ரிம்முல கம்பி போட்டு நெம்பி ஏத்த முடியாது. அதனாலதான் ரிம்மையே பிரிக்கிற ஐடியா. ஆக, ஒரே சக்கரத்துல ரெண்டு வட்டம் நட். உள்வட்டம் வண்டியோட சேர்க்கிறது. வெளிவட்டம் ரிம்மை சேர்த்துப் பிடிக்கிறது. ஸ்டெப்னி மாத்துறப்போ உள்வட்டத்தை மட்டும்தான் கழட்டணும். காத்து இருக்கிறப்போ வெளிவட்டத்துல ஸ்பேனர் வெச்சா... ரிம் பிய்ச்சுக்கிட்டுப் பறக்கும், ஆளையே கொன்னுடும். இந்த மாதிரி நட்டுகளுக்கு பிரிட்டிஷ் ராணுவத்துல சிவப்பு பெயின்ட் அடிச்சு வெச்சதும் இதுக்காகத்தான். ஆனா, 80 வருஷத்துல எத்தனை தடவை பெயின்ட் மாறியிருக்கும்? சிவப்பு இல்லைங்கிறதுக்காக, தொடலாம்னு அர்த்தம் இல்லை. முதல்ல வால்வைக் கழட்டி காத்தை முழுசா இறக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்தான்.

அதனால, பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவங்க பாதுகாப்பான வேற ரிம் போட்டு ஓட்டினா, 'ஐயே, டூப்ளிகேட்'னு உதட்டைப் பிதுக்காதீங்க. ஓட்டுறவர் உசுரோட வீடு திரும்பணும்ல? கழட்டின பழைய ரிம்மைத் தூக்கிப் போடாம பக்கத்துல வெச்சா போதும்.

அடுத்த முறை சப்பை மூக்கு லாரி ஒண்ணு கண்ணுல பட்டா, கிரில்லைப் பார்த்துட்டு அப்படியே குனிஞ்சு சக்கரத்தையும் பாருங்க. பிறந்த ஊரை முகம் சொல்லும். பிழைச்ச ஊரை கால் சொல்லும்!