நாய் குரைக்கும், கடிக்காது



இரண்டு வாரமாக ஒன்றும் எழுதவில்லை என்று சிலர் போனில் கோபித்துக்கொண்டீர்கள். கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். இப்போது பரவாயில்லை. இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாணவி ஒருத்தி இஸ்ரேலில் வயதான ஒரு யூத அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். பெயர் வேண்டாம், அவளுக்குக் கூச்சம். போன வாரம் பேசும்போது அவர்களுடைய யோம் கிப்பூர் நோன்பைப் பற்றிச் சொன்னாள். ஒரு நாள் மாலையில் தொடங்கி மறுநாள் இரவு வரை ஏறக்குறைய 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜெப ஆலயத்தில் மன்னிப்புக் கேட்டு வேண்டுவார்களாம். அந்தப் பாட்டி அவளுக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறார். ஹசிதியர்கள் என்று அவர்களில் ஒரு பிரிவு, 18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் தோன்றியது. அவர்கள் சொல்லிவரும் கதை.

படிப்பறிவில்லாத ஒரு ஏழைப் பையன். எல்லோரும் தடித்தடிப் புத்தகங்களைப் பார்த்து வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். இவனுக்கு ஒரு வரி தெரியாது. தெரிந்ததெல்லாம் எபிரேய நெடுங்கணக்கு மட்டும். அதையே முதலிலிருந்து கடைசிவரை திரும்பத் திரும்பச் சொன்னானாம். பிறகு, "ஆண்டவரே, எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் கொடுத்துவிட்டேன், வார்த்தையாக நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்" என்றானாம்.

அவர்களுக்கு எழுத்து 22. நமக்கு 247. நம் பையனாக இருந்தால் சாயங்காலம் நடை சாத்தும்போதும் ஙகர வரிசையில்தான் நின்றுகொண்டிருப்பான் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் இப்படி ஒருவர் இருந்தார் அல்லவா, நம்பியாண்டார் நம்பி. காட்டுமன்னார்கோவில் பக்கம் திருநாரையூர். அப்பா கோவில் பூசகர். ஒருநாள் வெளியூர் போக வேண்டி வந்ததால் மகனைப் பூசைக்கு அனுப்பினார். பையன் நைவேத்தியத்தை வைத்துவிட்டு, பிள்ளையார் சாப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான். அப்பா கொண்டுவந்தால் தினமும் சாப்பிடுகிறவர், நான் கொண்டுவந்தால் ஏன் சாப்பிடவில்லை என்று அவனுக்கு ஒரே கவலை. கெஞ்சினான். கடைசியில் தலையைக் கல்லில் முட்டிக்கொள்ளப் போனான். பிள்ளையார் தடுத்துவிட்டுச் சாப்பிட்டார். இந்தப் பிள்ளையாருக்குப் பொள்ளாப் பிள்ளையார் என்று பெயர். உளி கொண்டு பொள்ளாதவர், தானே தோன்றியவர் என்று பொருள். நாம்தான் நாக்கு வளையாமல் 'பொல்லா' ஆக்கிவிட்டோம்.

இதுவரை உங்களுக்கும் தெரியும். அடுத்து வருவதுதான் வாத்தியாரான எனக்குப் பிடித்த இடம். உமாபதி சிவம் திருமுறைகண்ட புராணத்தில் சொல்கிறார். பிள்ளையார் சாப்பிட்டு முடிப்பதற்குள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. இனிமேல் போனால் ஆசிரியர் அடிப்பார், அதனால் நீயே எனக்குப் பாடம் சொல்லிக்கொடு என்று பையன் பிள்ளையாரிடமே கேட்கிறான். அவரும் சொல்லிக்கொடுத்தார். தில்லையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னர் மீட்டதும், அவற்றைத் திருமுறையாகத் தொகுத்ததும் இந்தப் பையன் வளர்ந்த பிறகு அவன் துணையோடுதான்.

இதை எத்தனையோ வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அந்தப் பையன் பயந்தது வாத்தியாருக்குத்தான் என்பதை மட்டும் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவேன்.

இப்போது தூக்கம் வராத காரணத்துக்கு வருகிறேன்.

1986. பேராவூரணியிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளி. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். காலை பிரேயர் முடிந்ததும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி அவரவர் மனதுக்குள் வேண்டிக்கொள்ள வேண்டும். இது நான் கொண்டுவந்த ஏற்பாடு, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒருநாள் அந்த அமைதியில் நாலாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு குரல். மெதுவாகப் பேச அவனுக்குத் தெரியாது.

"சாமி, எங்க செவலைக்குக் காலு வாயெல்லாம் புண்ணு. தண்ணி குடிக்க மாட்டேங்குது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ. எங்க வீட்டு நாய் கொலைக்கும், ஆனா கடிக்காது. பயப்படாம வா."

பள்ளிக்கூடமே சிரித்தது. தலைமையாசிரியரும் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் கோபம் வந்தது. என் ஏற்பாட்டைக் கேலிக்கூத்தாக்கிவிட்டானே என்று. பிரேயர் என்றால் என்ன தெரியுமாடா, சாமியை வா போ என்று கூப்பிடுவாயா என்று கேட்டு, கொடிக்கம்பத்துப் பக்கத்தில் முதல் பீரியட் முழுக்க முட்டி போட வைத்தேன். வைகாசிக்குக் குறையாத வெயில். அவன் அழவில்லை. எதற்கு இந்தத் தண்டனை என்று அவனுக்குப் புரியவே இல்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு பிரேயரில் அவன் வாய் அசைந்து நான் பார்த்ததில்லை.

கஜா புயல் ஞாபகம் இருக்கிறதல்லவா, 2018 நவம்பர் 16 விடியற்காலை. நம் பகுதித் தென்னந்தோப்பெல்லாம் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற ஒன்பது மரத்தில் ஆறு போயிற்று, ஒன்று கூரை மேலேயே. நாலு நாள் கழித்து மரம் அறுக்கும் மிஷினோடு ஒருவர் வந்தார். "ஐயா, என்னைத் தெரியலையா?" என்றார். தெரிந்தது. ஒரு பைசா வாங்க மாட்டேன் என்றுவிட்டார். டீ கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கி அந்தப் பிரேயர் விஷயத்தை எடுத்தேன். "அப்படியாங்கய்யா, ஞாபகம் இல்லீங்களே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "செவலை ஞாபகம் இருக்குங்கய்யா. கோமாரி வந்துச்சு. கன்னுக்குட்டி செத்துப்போச்சு. பால் வத்திப்போச்சுன்னு மாட்டையும் சந்தையில வித்துட்டாங்க" என்றார். மறுபடி மிஷினைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் நான் மன்னிப்புக் கேட்டது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. சத்தம் நின்ற பிறகு இன்னொரு தரம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கிறிஸ்தவ மாணவர்களுக்கு அன்னாள் கதை தெரிந்திருக்கும். பிள்ளையில்லாத துக்கத்தில் சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்டிருந்தவளை, ஆசாரியன் ஏலி குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டினார். எப்படி வேண்டிக்கொள்வது என்பதற்கு யூத ஞானிகள் பின்னாளில் அன்னாளைத்தான் பாடமாக வைத்தார்களே தவிர ஏலியை அல்ல. ஆனால் ஏலிக்கு உடனே தவறு புரிந்தது, சமாதானத்தோடு போ என்று வாழ்த்தி அனுப்பினார். எனக்கு முப்பத்திரண்டு வருஷம் ஆயிற்று.

போன ஆனியில் வீட்டம்மாவைத் தஞ்சாவூரில் ஐசியுவில் வைத்திருந்தது உறவுகள் பலருக்குத் தெரியும். இரண்டாம் நாள் ராத்திரி, வெளியே நாற்காலியில் நான் மட்டும். பதிகம் பதிகமாக மனப்பாடம் செய்தவன், சந்தி பிரித்துப் பொருள் சொன்னவன். ஒரு வரி வரவில்லை. வந்த வரியும் வகுப்பில் ஒப்பிப்பது மாதிரியே இருந்தது. நம் நீலகண்டப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டேன். சித்திரைத் திருவிழாவுக்கு எத்தனை தரம் காவடிக்குப் பின்னால் நடந்திருக்கிறேன், அவரிடம் எனக்கென்று ஒரு வார்த்தை பேசியதே இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வாய்விட்டே சொன்னேன்:

"ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போப்பா. ரெண்டாவது மாடி. லிப்டை விட்டு எறங்கி இடது கைப் பக்கம், ஏழாம் நம்பர் கட்டில். வாசல்ல வாட்ச்மேன் சத்தம் போடுவார், ஆனா நல்ல மனுஷன்."

சொல்லி முடித்த பிறகுதான் இது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

பதினோராம் நாள் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அது டாக்டர்களின் கைராசி. பிள்ளையார் வந்தார் என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன். செவலையின் கன்று பிழைக்கவில்லை, அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவளுக்குக்கூட இதை இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டுத்தான் கேட்கப் போகிறாள்.

மிஷினோடு வந்த அந்த மாணவருக்கு முகநூல் கிடையாது. அவர் மகள் இங்கே இருக்கிறாள், என் பதிவுகளுக்குத் தவறாமல் விருப்பம் போடுகிறவள். அம்மா, ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருக்கும்போது இதை உட்காரவைத்து வாசித்துக் காட்டு. முட்டி போட வைத்தது நான்தான் என்ற இடத்தை விட்டுவிடாதே.